மஞ்சள் படமும் கேலரியின் பாதிப் பங்கும்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

நிழல்மரம்:

போன வாரம் மழைக்கு ஒதுங்கப் போய் ஒரு கேலரிக்குள் நுழைந்துவிட்டேன். படம் பார்க்கும் எண்ணமெல்லாம் இல்லை. உள்ளே ஆளுயரத்துக்கு ஓர் அரூப ஓவியம். முழுக்க மஞ்சள், ஆனால் ஒரே மஞ்சள் இல்லை. மேலே எலுமிச்சை போல, நடுவில் மங்கல், கீழே வலது மூலையில் கொஞ்சம் பச்சை ஏறிய மாதிரி. அந்த மூலையை ஒட்டி இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு ஊதாப் பட்டை. அவ்வளவுதான் படம். மழை நின்ற பிறகும் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

கேலரியில் இருந்த அம்மா என்னிடம் எதையும் விற்க முயலவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பக்கவாட்டில் பாருங்கள்" என்று மட்டும் சொன்னார். கேன்வாஸின் விளிம்பில் பழுப்பு, கரும்பச்சை, செங்கல் நிறம் என்று சொட்டுச் சொட்டாக வழிந்து காய்ந்திருந்தது. முன்னால் தெரியும் மஞ்சளுக்கு அடியில் இத்தனையும் இருக்கிறதாம்.

பேச்சுவாக்கில், விற்றால் பாதி கேலரிக்கு, பாதி ஓவியருக்கு என்றார். அங்கேதான் எனக்கு உறுத்தியது. வரைந்தவருக்குப் பாதி, மாட்டியவருக்கும் பாதியா?

என் கேள்வி இரண்டு. ஒரு மஞ்சளும் ஒரு ஊதாவும் என்னை ஏன் அரை மணி நேரம் பிடித்து வைத்தன? அந்தப் பாதிக் கணக்கு சரிதானா?

வெட்டிப்பேச்சு:

முதல் கேள்விக்குப் பதில்: மழை.

இரண்டாவது கேள்விக்கு: சுவரில் ஒரு படம், பக்கத்தில் அரைப் பக்க விளக்கம், அதை விளக்க ஓர் ஆள். இத்தனை முட்டுக்கொடுத்தால்தான் நிற்கும் என்றால் அது படமா, பந்தலா?

சாயக்கிண்ணம்:

நிழல்மரம், அடுத்த முறை போனால் ஒன்று செய்து பாருங்கள். அந்த ஊதாப் பட்டை மறையும்படி கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். மஞ்சள் சட்டென்று சோர்ந்துவிடும். கையை எடுத்தால் மறுபடி எழுந்து நிற்கும். எதிரெதிர் நிறங்கள் பக்கத்தில் இருக்கும்போது ஒன்றையொன்று தூக்கிவிடும்.

இதைக் கண்டுபிடித்து எழுதியவர் ஓவியர் இல்லை, வேதியியலாளர். பாரிஸில் கோபெலின் என்ற நெசவுச்சாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார் செவ்ரோல். கறுப்பு நூலில் சாயம் சரியாகப் பிடிக்கவில்லை, வெளிறித் தெரிகிறது என்று அவருக்குப் புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பைக் கெடுத்திருக்கின்றன. 1839இல் இதையெல்லாம் விரிவாக எழுதி வெளியிட்டார். நூலில் பிறந்த சங்கதி, நாங்கள் இன்றைக்கும் அதை வைத்துத்தான் பிழைக்கிறோம்.

அப்புறம் ஜோசப் ஆல்பர்ஸ் என்ற ஓவியர். 1950இல் தொடங்கி 1976இல் இறக்கும் வரை சதுரத்துக்குள் சதுரம், அதற்குள் சதுரம் என்று ஒரே அமைப்பில் ஆயிரத்துக்கும் மேல் வரைந்தார். ட்யூபிலிருந்து நேராகக் கத்தியால் எடுத்துப் பூசுவார், பெரும்பாலும் கலப்பதே இல்லை. எந்தக் கம்பெனியின் எந்த நிறம் என்று படத்தின் பின்பக்கம் எழுதியும் வைப்பார். உருவத்தை அப்படியே வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு மனிதன் இருபத்தைந்து வருடம் கொடுத்திருக்கிறான்.

நீங்கள் சொன்ன அந்தப் பச்சை மூலையைப் பற்றி: காட்மியம் மஞ்சள் கனமானது, அடியில் இருப்பதை மூடிவிடும். ஹன்சா மஞ்சள் கண்ணாடி மாதிரி, அடியில் இருப்பது தெரியும். கரும்பச்சைக்கு மேலே ஹன்சாவை மெலிதாக ஓட்டினால் நீங்கள் பார்த்த நிறம்தான் வரும். மற்ற இடங்களில் நடுவே ஒரு வெள்ளைப் பூச்சு கொடுத்து, மூலையில் மட்டும் வேண்டுமென்றே விட்டிருக்கலாம். படத்தைப் பார்க்காமல் சொல்கிறேன், சத்தியம் செய்ய மாட்டேன்.

வெட்டிப்பேச்சு:

சரி, நிறம் ஏமாற்றும், ஒத்துக்கொள்கிறேன். சேலைக் கடையில் எடுத்த நிறம் வீட்டுக்கு வந்ததும் மாறிப்போவது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. அதற்கு எதற்கு ஆளுயரக் கேன்வாஸ்?

சாயக்கிண்ணம்:

அளவு மாறினால் நிறமும் மாறும் என்பதற்காகத்தான். உள்ளங்கை அகல மஞ்சளை நீங்கள் பார்க்கிறீர்கள். ஆளுயர மஞ்சள் என்றால் அதன் வெளிச்சத்தில் நிற்கிறீர்கள், சட்டையில்கூட மஞ்சள் அடிக்கும். கைப்பேசியில் பார்த்துவிட்டு "இதில் என்ன இருக்கிறது" என்று கேட்பவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கணக்குப்பிள்ளை:

நான் ஒன்பது வருடம் கேலரி ஒன்றில் வேலை பார்த்தவன். இப்போது வேறு தொழில், அதனால் யாருக்கும் பரிந்து பேச வேண்டிய அவசியம் இல்லை.

பாதிக்குப் பாதி என்பது இந்தத் தொழிலில் சாதாரண வழக்கம். கேலரிக்காரர் படத்தை வாங்குவதில்லை, விற்றுத் தருவதாக ஒப்புக்கொண்டு வாங்கி வைக்கிறார். விற்கும் வரை படம் ஓவியருடையதுதான். இடையில் வாடகை, விளக்கு, காப்பீடு, லாரி, மரப்பெட்டி, புகைப்படம், திறப்பு விழா, கலைச்சந்தைக்குப் போனால் கடை வாடகை எல்லாம் கேலரியின் கையைக் கடிக்கும். பத்துப் படம் மாட்டி ஒன்றுகூட விற்காத மாதங்கள் இருக்கின்றன. அந்த மாதமும் கரண்ட் பில் வரும்.

"மாட்டியவர்" என்றீர்களே, அந்த மாட்டும் வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து சுமார் 57 முதல் 60 அங்குலத்தில் வர வேண்டும், பார்ப்பவரின் கண்மட்டம் அது. இரண்டு வண்ணப் படங்களைப் பக்கத்தில் மாட்டினால் ஒன்று இன்னொன்றைத் தின்றுவிடும். சாயக்கிண்ணம் சொன்னாரே, பட்டைக்கும் மஞ்சளுக்கும் நடப்பது இரண்டு படங்களுக்கு நடுவிலும் நடக்கும். ஒருமுறை ஒரு சிவப்புப் படத்துக்குப் பக்கத்தில் எது வைத்தாலும் செத்துப்போனது. கடைசியில் ஒரு முழுச் சுவரைக் காலியாக விட்டோம். காலிச் சுவருக்கும் வாடகை உண்டு என்று முதலாளி முணுமுணுத்தார், ஆனால் விட்டார்.

விலை வைப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பல இடங்களில் உயரத்தையும் அகலத்தையும் கூட்டி, ஓவியருக்கென்று இருக்கும் ஓர் எண்ணால் பெருக்குவார்கள். 20க்கு 30 அங்குலப் படத்துக்குக் கூட்டுத்தொகை 50, 40க்கு 60 படத்துக்கு 100. பரப்பளவு நாலு மடங்கு, விலை இரண்டு மடங்குதான். பரப்பளவுக்கு விலை வைத்தால் பெரிய படத்தை யாரும் தொட மாட்டார்கள். "இது நல்ல படம், அதனால் விலை அதிகம்" என்று பெரும்பாலும் சொல்ல மாட்டோம். அப்படிச் சொன்னால் பக்கத்துப் படம் சுமார் என்று நாங்களே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று, விலையை ஏற்றலாம், இறக்கக் கூடாது. இறக்கினால் போன வருடம் வாங்கியவர் முகத்தில் எப்படி விழிப்பது? அதனால் இளம் ஓவியருக்கு அவசரப்பட்டு விலை ஏற்றும் கேலரி அவருக்கு நல்லது செய்யவில்லை.

மூன்றாம்அறை:

கணக்குப்பிள்ளை சார் சொல்வது நல்ல கேலரியின் கதை. என் கதையையும் கேளுங்கள்.

ஐந்து படம் கொடுத்தேன். இரண்டு விற்றது எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? வாங்கியவர் தன் வீட்டு வரவேற்பறைப் படத்தை இணையத்தில் போட்டிருந்தார், சோபாவுக்கு மேலே என் படம். கேலரிக்குப் போன் செய்தால் "சொல்ல மறந்துட்டோம்" என்றார்கள். பணம் வர ஏழு மாதம். அதிலும் வாடிக்கையாளருக்குக் கொடுத்த தள்ளுபடி முழுவதையும் என் பங்கில் கழித்திருந்தார்கள். மீதி மூன்று படம் திரும்பி வந்தபோது ஒன்றின் மூலை நசுங்கியிருந்தது. போகும்போது நன்றாக இருந்தது என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை.

பெயரைச் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை:

தள்ளுபடியில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 தள்ளுபடி கொடுத்தால் 90, ஆளுக்கு 45. இதுதான் முறை. முழுவதையும் ஓவியர் தலையில் கட்டினால் கேலரிக்கு 50, அவருக்கு 40. கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. விற்று எத்தனை நாளில் பணம், போக்குவரத்து யார் செலவு, ஓவியர் வீட்டிலிருந்தே நேராக விற்றால் கேலரிக்குப் பங்கு உண்டா, இதையெல்லாமும் எழுதி வாங்க வேண்டும். படம் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் நாலு மூலையையும் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து, படத்தின் நிலை இன்னது என்று ஒரு தாளில் எழுதி அவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். உங்களுக்கு நடந்ததுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்த மாதிரி ஆட்களால்தான் மொத்தத் தொழிலுக்கும் கெட்ட பெயர்.

சாயக்கிண்ணம்:

மூன்றாம்அறை, படிக்கும்போதே வயிறு எரிந்தது. ஆனாலும் என் அனுபவம் வேறு மாதிரி.

நான் முதலில் உருவங்கள்தான் வரைந்துகொண்டிருந்தேன். குடை பிடித்த பெண்கள், மாடி ஜன்னல்கள், அந்த மாதிரி. நன்றாகப் போனது. ஒரு கட்டத்தில் குடை சலித்துவிட்டது, குடையின் நிறம் மட்டும் வேண்டும் என்று தோன்றியது. இரண்டு வருடம் வேலை செய்து பதினான்கு படம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கேலரி நடத்தும் அக்கா ஒவ்வொன்றாகச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்துவிட்டு, "குடை எங்கே?" என்று கேட்டார். இல்லை என்றேன். சிரித்துவிட்டு டீ சொன்னார்.

கண்காட்சியில் விற்றது காகிதத்தில் வரைந்த சின்னப் படம் ஒன்று மட்டும். அதையும் வாங்கியது என் பள்ளித் தோழன், பரிதாபத்தில். முடிந்த அன்று படங்களைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தபோது அக்கா நாட்காட்டியை எடுத்துவந்து, அடுத்த கண்காட்சிக்குத் தேதி குறித்தார். மறுபடி குடை வரை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வரைந்திருப்பேன், வாடகை கட்ட வேண்டுமே. அவர் சொல்லவில்லை. என் கணக்கில் அந்தப் பாதி அதற்குத்தான்.

அமெரிக்காவிலும் இது நடந்திருக்கிறது. கேலரி நடத்திய பெக்கி குகன்ஹைம் 1943இல் ஜாக்சன் போலக் என்ற ஓவியருக்கு மாதம் 150 டாலர் கொடுத்து ஒப்பந்தம் போட்டார். அதுவரை போலக் ஓர் அருங்காட்சியகத்தில் தச்சு வேலையும் எடுபிடி வேலையும் பார்த்தவர். 1946இல் கேலரி தொடங்கிய பெட்டி பார்சன்ஸ் தானே ஓர் ஓவியர். போலக், ராத்கோ, நியூமன், ஸ்டில் என்ற அரூப ஓவியர்கள் நாலு பேரையும் வாங்குவார் இல்லாத காலத்தில் மாட்டி வைத்தார். பெயர் வந்ததும் அவர்கள், மற்றவர்களை விட்டுவிட்டு எங்களை மட்டும் கவனியுங்கள் என்றார்கள். அவர் மறுத்தார். ஆளாளுக்கு விலகினார்கள், போலக்கும் ராத்கோவும் சிட்னி ஜானிஸ் கேலரிக்குப் போனார்கள். வளர்த்துவிட்ட கேலரிக்கு மிஞ்சுவது பல சமயம் இவ்வளவுதான்.

வெட்டிப்பேச்சு:

டீ சொன்ன அக்காவுக்கு என் வணக்கம். ஆனால் கோடிக்கணக்கில் ஏலம் போகிறதே, அந்தப் பணம் அக்காவுக்குப் போகிறதா, வரைந்தவருக்குப் போகிறதா?

கணக்குப்பிள்ளை:

இரண்டு பேருக்கும் போவதில்லை. கேலரி விற்பது முதல் விற்பனை, ஏலத்தில் நடப்பது மறுவிற்பனை. பணம் கடைசியாக வைத்திருந்தவருக்கு.

ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈரம் காயாத எண்ணெய் வண்ணத்தின் மேல் ஆளுயரப் பலகையை இழுத்து, மேல் அடுக்கைச் சுரண்டி அடியில் இருப்பதை வெளியே கொண்டுவந்தவர். எங்கே எது வெளியே வரும் என்று அவருக்கே முழுசாகத் தெரியாது. எரிக் கிளாப்டன், ஆம், அந்த கிட்டார் கிளாப்டன்தான், 2001இல் ரிக்டரின் மூன்று அரூப ஓவியங்களைச் சுமார் 34 லட்சம் டாலருக்கு வாங்கினார். அதில் ஒன்று மட்டும் 2012இல் லண்டன் ஏலத்தில் 2.13 கோடி பவுண்டுக்குப் போனது. ஐரோப்பாவில் மறுவிற்பனையில் ஓவியருக்கு ஒரு சிறு பங்கு தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, ஆனால் எவ்வளவுக்கு விற்றாலும் 12,500 யூரோவுக்கு மேல் கிடையாது. மற்ற பல நாடுகளில் அதுவும் இல்லை. இந்த விலைகளைப் பற்றி ரிக்டரே வெளிப்படையாகக் கசந்து பேசியிருக்கிறார்.

அவரை நியூயார்க்கில் நெடுங்காலம் காட்டிவந்தது மரியன் குட்மன் கேலரி, 1985இலிருந்து. 2022 முடிவில், தொண்ணூறு வயதில், டேவிட் ஸ்விர்னர் கேலரிக்கு மாறினார். ஏன் என்பது அவர்களுக்குள் இருக்கட்டும். முப்பத்தேழு வருடம் என்பது நிறையக் கல்யாணங்களைவிட நீளம்.

பழுதுபார்க்கிறேன்:

ஓவியங்களைச் செப்பனிடும் வேலை எனக்கு. எல்லாரும் விலையைப் பற்றியே பேசுகிறீர்கள், நிறம் எத்தனை நாள் இருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. உருவப் படத்தில் நிறம் கொஞ்சம் மங்கினாலும் முகம் முகமாக இருக்கும். நிறம் மட்டுமே உள்ள படத்தில் நிறம் போனால் படமே போனது.

ராத்கோ ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு ஐந்து பெரிய ஓவியங்கள் வரைந்துகொடுத்தார். 1964இல் ஒரு சாப்பாட்டு அறையில் மாட்டினார்கள், பெரிய ஜன்னல்கள், நல்ல வெயில். அவர் கலந்திருந்த லித்தால் சிவப்பு வெளிச்சத்துக்குத் தாங்காத நிறம். கருஞ்சிவப்பாக இருந்தது வெளிறி நீலம் பாரித்துவிட்டது. 1979இல் கழற்றி உள்ளே வைத்தார்கள். மேலே வண்ணம் பூசிச் சரிசெய்ய முடியாது, ராத்கோ வார்னிஷ் போடாதவர், பூசினால் ஊறிவிடும், திரும்ப எடுக்க முடியாது. 2014இல் ஒரு வழி கண்டார்கள். படத்தைத் தொடவே இல்லை. ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு நிறம் குறைந்திருக்கிறதோ அதை மட்டும் ப்ரொஜெக்டரிலிருந்து ஒளியாகப் படத்தின் மேல் விழவைத்தார்கள். பழைய நிறம் வந்துவிட்டது. அந்தக் கண்காட்சி நடந்தபோது தினமும் மாலை 4 மணிக்கு விளக்கை அணைத்தார்கள், அதைப் பார்க்கவே கூட்டம் வந்தது. கண்முன்னே அத்தனை வருட வெயில் ஒரு நொடியில் படத்தின் மேல் இறங்கியது.

ஆகவே நிழல்மரம், வாங்கும் எண்ணம் இருந்தால் என்ன வண்ணம், ஒளி தாங்கும் தரம் என்ன என்று கேளுங்கள். ட்யூபிலேயே ஒன்று, இரண்டு என்று போட்டிருக்கும், அந்த இரண்டுக்குள் இருந்தால் கவலையில்லை. நல்ல கேலரி என்றால் பதில் வைத்திருக்கும், இல்லையென்றால் ஓவியரைக் கேட்டுச் சொல்லும். அக்ரிலிக் என்றால் வெக்கையில் இளகும், குமிழி உறையை நேராகப் படத்தின் முகத்தில் வைத்துக் கட்டாதீர்கள். வட்ட வட்டமாக அச்சு விழுந்த படங்கள் வருடத்துக்கு நாலைந்து என்னிடம் வருகின்றன, ஒன்றும் செய்ய முடிவதில்லை.

நிழல்மரம்:

நேற்று மறுபடி போனேன், வெயில் நேரத்தில். கையை நீட்டிப் பட்டையை மறைத்துப் பார்த்தேன். சாயக்கிண்ணம் சொன்னதுபோல் மஞ்சள் அணைந்தது. நாலைந்து முறை செய்தேன், வேறு யாரும் இல்லை என்ற தைரியத்தில்.

வண்ணத்தைப் பற்றிக் கேட்டதும் அந்த அம்மா மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மூன்று மஞ்சள், இரண்டு வெள்ளை, ஊதாவுக்கு டையாக்சசின் என்று ஓவியர் கைப்பட எழுதியிருந்தது. மூலைக்கு ஹன்சாதான், சாயக்கிண்ணம் வென்றுவிட்டார். பழுதுபார்க்கிறேன் சொன்ன தர எண்களும் ஒவ்வொன்றுக்கும் எதிரே இருந்தன. தள்ளுபடியை இரண்டு பேரும் பகிர்கிறார்களா என்று கேட்டேன். "நீங்கள் ஓவியரா?" என்று சந்தேகமாகப் பார்த்தார். பகிர்கிறார்களாம்.

பெரிய படத்தை யாரோ சொல்லிவைத்துவிட்டார்கள். வாங்கும் வசதி எனக்கு இல்லை என்பது வேறு விஷயம், ஆனாலும் ஒரு மாதிரி இருந்தது. அதைக் கவனித்தாரோ என்னவோ, உதவிக்கு ஓர் ஆளைக் கூப்பிட்டுப் படத்தை இறக்கிப் பின்பக்கத்தைக் காட்டினார். பென்சிலில் படத்துக்கு இரண்டு பெயர், ஒன்று அடித்திருந்தது. மேல்பக்கம் எது என்று காட்ட அம்புக்குறி போடுவார்களாமே, அதுவும் இரண்டு இருந்தது, எதிரெதிர்த் திசையில். ஒன்று அடித்திருந்தது.

அப்படியென்றால் ஊதாப் பட்டை முதலில் இடது மேல்மூலையில் இருந்திருக்கிறது!

சாயக்கிண்ணம்:

வேலை நடுவில் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்போம். சில சமயம் அப்படியே விட்டுவிடுவோம். என்னுடைய படங்களின் பின்பக்கத்தைத் தயவுசெய்து யாரும் பார்க்காதீர்கள்.

வெட்டிப்பேச்சு:

ஆக, தலைகீழாக மாட்டினாலும் ஒருவருக்கும் தெரியாது. முதலிலிருந்து இதைத்தானே நான் சொல்கிறேன்.

பழுதுபார்க்கிறேன்:

தெரியாமல் போனதும் உண்டு. மோந்திரியான் என்ற ஓவியர் 1941இல் வண்ண ஒட்டுநாடாக்களை வைத்துத் தொடங்கி முடிக்காமல் விட்ட ஒரு படம், 1945இலிருந்தே தலைகீழாக மாட்டியிருக்கலாம் என்று 2022இல் கண்டுபிடித்தார்கள். அவருடைய அறையில் எடுத்த பழைய புகைப்படத்தில் அது வேறு பக்கமாக நிற்கிறது. ஆனால் திருப்பவில்லை. நாடாக்கள் நொறுங்கும் நிலையில் இருக்கின்றன, இத்தனை வருடம் ஒரு திசையில் தொங்கிப் பழகியதைத் திருப்பினால் உதிர்ந்துவிடும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

வெட்டிப்பேச்சு:

இதைப் பார்க்க நான் காசு கொடுத்துப் போவேன்.